மஞ்சள் பட்டைத் தவளையும் ஒரு பிடி மண்ணும்

1

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் காலையில் பட்டறையைத் திறப்பேன். கண்ணாடியில் கட்டரை வைக்கும்போதும் அவன் பெயரைத்தான் சொல்வேன். இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

ஆமாம், மறுத்தேன். ஒரு பிடி மண் கேட்டார், தர மாட்டேன் என்றேன். தாதர் ஸ்டேஷனில் மதராஸ் ரயில் புறப்படப் போகிற நேரத்தில், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் காதர் மச்சானிடம் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவன் நான்தான். ஊரில் போய் அவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது கடிதம் கடிதமாக எனக்கு வந்து சேருகிறது. பம்பாய்க்குப் போய் மனசு கல்லாகிவிட்டதாம். தொழுகிற வீட்டில் தவளை வளர்க்கிறானாம். நோய்ப் பிள்ளைக்கு ஒரு பிடி மண் கேட்டதற்கு இல்லை என்றானாம்.

மூன்றுமே அவர் சொன்னதுதான். அதில் இரண்டு உண்மை. மனசு கல்லாகவில்லை, அது மட்டும் பொய். மற்ற இரண்டுக்கும் நான் வெட்கப்படவில்லை. ஏன் என்று நம் ஊர்ப் பத்திரிகையில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை இருந்தால் மட்டும் சண்டைக்கு வாருங்கள்.

2

தாராவியில் என் பட்டறையில் நாங்கள் செய்வது கண்ணாடிப் பெட்டி. மிட்டாய்க்கடைக்கு ஷோகேஸ், நகைக்கடைக்குச் சின்னப் பெட்டி, வசதியானவர்கள் வீட்டுக்கு மீன் தொட்டி. பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. அதற்கு மேல் பலகை போட்டு இன்னொரு அறை. அதுதான் வீடு. நானும் மனைவி மைமூனும் மகள் ஜீனத்தும் அதற்குள் அடக்கம்.

கலர் டிவி வந்த புதுசில், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் குடியிருந்த சாமிநாதன் சார் பட்டறைக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், கப்பலில் இஞ்சினியர். மீன் தொட்டி வேண்டும் என்றுதான் பேச ஆரம்பித்தார். பேச்சுப் போகப் போக அது மீனுக்கு இல்லை, தவளைக்கு என்று தெரிந்தது. ஹாலந்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் தவளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறாராம். அதில் நாலு குஞ்சை இவருக்குக் கொடுத்திருக்கிறார். தன்னுடைய அறையில் வைத்தே கப்பலில் கொண்டு வந்து, துறைமுகத்தில் டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி இறக்கியிருந்தார்.

நான் சிரித்துவிட்டேன். மழை பெய்தால் தாராவியில் இல்லாத தவளையா? அவர் கோபிக்கவில்லை. கையோடு கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். ஈரப் பாசிக்கு மேல் பெருவிரல் நுனி அளவுக்கு நாலு தவளை. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை. தாதர் பூ மார்க்கெட்டில் செவ்வந்தியைக் கொட்டி வைத்திருப்பார்களே, அந்த மஞ்சள். சுப்ஹானல்லாஹ் என்று என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது.

காட்டில் இருந்தால் இவற்றின் தோலில் விஷம் உண்டாம். அந்த நாட்டு ஆதிவாசிகள் இந்த ஜாதித் தவளை ஒன்றின் விஷத்தை அம்பில் தடவுவார்களாம். ஆனால் அந்த விஷம் தவளையின் சொந்தச் சரக்கு இல்லை, அந்தக் காட்டு எறும்பையும் பூச்சியையும் தின்று சேர்வது என்றார். பெட்டியில் பிறந்து, பழ ஈ தின்று வளர்ந்ததற்கு விஷம் ஏது?

இந்த ஜாதியிலேயே நீலம், சிவப்பு, பச்சை என்று பல நிறம் உண்டு என்றும் சொன்னார். ஏன் மஞ்சளை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"புதுசா வளக்கறவாளுக்கு இதுதான் சரி, பாய். தைரியசாலி, ஒளிஞ்சுக்காது. நாலு சேந்தாலும் சண்டை போடாது. கொஞ்சம் சூடு கூடினாலும் தாங்கும். நீலத்துல பொம்பளைகள் ஒண்ணையொண்ணு அமுக்கிப்பிடும். செவப்பு இருக்கே, அது தன் முட்டையையே குஞ்சுக்கு ஊட்டி வளக்கும். அதுல கை வெக்க நமக்குப் பல வருஷப் பழக்கம் வேணும்."

பெட்டிக்கு மூடி மேலே வேண்டாம், கதவு மாதிரி முன்பக்கம் திறக்க வேண்டும் என்றார். மேலிருந்து கை இறங்கினால் தவளை அதைப் பருந்து என்று நினைத்துப் பயந்துவிடுமாம். நீளம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. சட்டத்துக்கு இரும்பு ஆங்கிளும், கண்ணாடியைப் பதிக்கிற புட்டி என்கிற மாவும் கூடாது, புட்டியில் இருக்கிற ஈயம் ஆகாது. அப்போது புதிதாக வந்திருந்த சிலிக்கான் பசையில் ஒட்டினேன். ஒட்டிய பெட்டியில் வினிகர் மாதிரி காடி வாடை அடிக்கும். அந்த வாடை முழுக்கப் போகிற வரைக்கும் திறந்து போட்டு வைத்திருந்துதான் கொடுத்தேன்.

கொடுத்த பெட்டி தவளையோடு என்னிடமே திரும்பி வந்தது. அவருக்குத் திரும்பவும் கப்பல் வந்துவிட்டது. வீட்டு அம்மாள் மதராஸுக்குப் போகிறார்கள். ஆறு மாசம் பார்த்துக்கொள்ளுங்கோ என்று கொண்டு வந்து வைத்தார். ஆறு மாசம் கழித்து வெளிநாட்டிலேயே வேலை நிலைத்துவிட்டது, இனி அவை ஜீனத்துக்குத்தான் என்று எழுதிவிட்டார்.

3

மைமூன் முதலில் சம்மதிக்கவில்லை. "தொழுவுற இடத்துல இதைக் கொண்டாந்து வச்சா மலக்கு வருமா?" என்று, வானவர்கள் வீட்டுக்குள் வர மாட்டார்களே என்ற கவலையில் கேட்டாள். நான் சின்ன வயதில் நம் ஊர்ப் பள்ளியில் ஓதும்போது கேட்டதைச் சொன்னேன். தவளையைக் கொல்லக் கூடாது, அது கத்துவது படைத்தவனைத் துதிப்பது. மறுநாளே பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடியில் செங்கல் துண்டு, அதன் மேல் அடுப்புக்கரி, அதன் மேல் தேங்காய் நார், மண். மண்ணின் மேல் பாதாம் மரத்துக் காய்ந்த இலை. ஒரு மூலையில் மணி பிளான்ட் குச்சி. தவளைக்கு வீடாக அரைச் சிரட்டையைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டி வைத்தோம். முட்டையிடவும் அதற்குள்தான் போகும். பழுத்துக் கறுத்த வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டு வைத்தால் ஈ தானாக வந்து பெருகும். பாட்டிலைப் பெட்டிக்குள் தட்டினால் தீனி முடிந்தது.

எறும்புதான் எதிரி. விஷம் பற்றிய பயத்தால் இல்லை, ஈரத்தில் உட்கார்ந்திருக்கிற குட்டித் தவளையை எறும்பு கூட்டமாக வந்து கடித்துவிடும். அதனால் பெட்டி இருக்கிற ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். அதை விடப் பெரிய எதிரி மே மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே மனிதனே வேகிறான், தவளை எம்மாத்திரம். ஈரச் சாக்கைச் சுற்றி, இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பானை வைத்து, ஐஸ் வண்டி வந்தால் ஒரு துண்டை டப்பாவில் போட்டுப் பெட்டியின் மேல் வைப்பாள் ஜீனத். எங்களுக்கு இல்லாத ஐஸ்.

ஜீனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்தவள். என்னை வாப்பா என்று அழைக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். பப்பாதான். வீட்டுக்குள் தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் வாசலைத் தாண்டும்போது ஹிந்தியில் முடியும். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். நான் எழுதுகிற இதைப் படிக்கச் சொன்னால் பாதியில் கொட்டாவி விடுவாள். நம்மூர்க் கல்யாண வீட்டில் அவளை எல்லோரும் பம்பாய்க்காரி என்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் மதராஸி என்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவு பாதி சாத்தியிருக்கிற பிள்ளைக்கு, அந்தப் பெட்டி ஒன்றுதான் முழுக்கச் சொந்தமாக இருந்தது.

காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் ஆண் தவளை குரல் எடுக்கும். கொரகொரவென்ற நம் தவளைக் கத்தல் இல்லை, குருவி மாதிரி நீட்டி இழுக்கும். குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்கள் முதலில் ஜீனத் குருவி வளர்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவளோ பெருமை தாங்காமல் ஒருநாள் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள், அது குருவி இல்லை, ஜெஹ்ரீலா மேண்டக், விஷத் தவளை என்று.

4

அவ்வளவுதான். பெட்டியில் பிறந்ததற்கு விஷம் இல்லை என்ற பாதியை அவள் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சில நாளில் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர், மராட்டிக்காரர். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டார். எந்த லைசென்ஸ் என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நாய்க்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, தவளைக்கு அவருடைய காகிதத்தில் இடம் இல்லை. பெட்டியிலேயே பிறந்தது என்று என்னுடைய ஹிந்தியில் விளக்கப் போய், கல்யாணத்துக்கு முன்னாலேயே பிறந்தது என்பது போல ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஜீனத் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே மீன் என்று எழுதிக்கொண்டு, சாயா குடித்துவிட்டுப் போனார்.

சர்க்கார் போய்விட்டது. சந்து போகவில்லை.

எங்களுக்கு எதிர் வீட்டில் செல்லக்கனி. ஆலங்குளத்துப் பக்கம். புருஷனுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. வெகுநாள் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளை, முத்து. ஒரு வயது தாண்டியும் உட்காரத் திணறினான். கை கால் குச்சி, வயிறு மட்டும் பெரிசு. மாலை ஆனால் உடம்பு சுடும். இருமிக்கொண்டே இருப்பான். தேரை விழுந்திருக்கிறது என்று பெண்கள் முன்பே பேசிக்கொண்டார்கள். இடுப்பில் வேர் கட்டியாகிவிட்டது. இப்போது அந்தத் தேரை எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதும் தெரிந்துபோயிற்று.

நம் ஊர்க்காரர்களுக்குத் தேரை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே முழுசாக இருக்கிற தேங்காயை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. தேரை விழுந்தது என்று தூக்கிப் போடுவோம். பிள்ளை மெலிந்து தேம்பினாலும் அதே பெயர்தான்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். பாத்து என்று கூப்பிடுவோம். அவளுக்கும் விழுந்தது தேரைதான் என்றார்கள். வேர் கட்டினார்கள், ஓதிப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். எங்கள் உம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தென்காசியில் ஆஸ்பத்திரி இருந்தது. பஸ்ஸும் போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் ஏறவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அதுதான் தெரியும். ஆனால் தேரை என்கிற பெயரைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நோய்க்கு அது பெயர் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு நாம் வைத்திருக்கிற பெயர்.

5

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தேன். பட்டறை வாசலில் ஏழெட்டுப் பேர். முன்னால் மளிகைக்கடைத் தங்கராசு அண்ணாச்சி. எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்குச் சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுவர் ஓரம் செல்லக்கனி, தோளில் முத்து. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

தங்கராசு அண்ணாச்சி மரியாதையாகத்தான் பேசினார். "பாய், நீங்க பெரிய மனுசன். ஒரு தவளைக்காவ நாலு வீட்டு மனசை நோவடிக்கணுமா? எங்கனயாவது கொண்டு போய் விட்டுருங்க."

எங்கே விடுவது? இந்த ஊர் வெயிலில் ஒரு பகல் தாங்காது. விடுவது என்றால் கொல்வது. நான் அதைச் சொன்னேன். பின்னால் நின்ற ஒருவன், நீர் விடலைன்னா நாங்க நசுக்கிருதோம், சோலி முடிஞ்சிரும் என்றான். உள்ளே ஜீனத் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூச்சில் கண்ணாடி ஆவி படிந்தது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

செல்லக்கனி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சிரட்டை வாசலில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"சிரட்டைக்குள்ளயே குடி வச்சிருக்கிய," என்றாள் என்னைப் பார்த்து. "தேங்காய்ல விழுந்தா பருப்பைத் தின்னுது. இங்க எம்பிள்ளையத் தின்னுது. எனக்கு எம்பிள்ளை வேணும் அண்ணாச்சி. நீங்க தவளையப் பத்திப் பேசுதிய."

ஒரு நிமிஷம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எல்லோரும் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். தவளை செத்தது, இனி பிள்ளை தேறிவிடும் என்று செல்லக்கனி வீட்டில் காத்திருப்பாள். எங்கள் உம்மா காத்திருந்தது மாதிரி.

அந்த நினைப்புத்தான் என்னை நிறுத்தியது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்," என்றேன். "நாளைக்குக் காலையில இந்தப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். அங்க டாக்டர் தேரைன்னு எழுதிக் குடுத்தாருன்னா, பொட்டியை நானே சுமந்துட்டு வந்து உங்க கடை வாசல்ல வைக்கேன். நீங்க நசுக்குங்க, நான் பாத்துட்டு நிக்கேன். அதுவரைக்கும் ஒருத்தனும் இதுல கை வைக்கப்படாது. வச்சா, அது கையா கண்ணாடியான்னு நான் பாக்க மாட்டேன், அறுத்துருவேன்."

கையில் அப்போது கண்ணாடித் துண்டு எதுவும் இல்லை. ஆனாலும் பின்னால் நின்றவன் நகர்ந்துகொண்டான்.

செல்லக்கனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். அங்கே ஹிந்தியில் கேட்பார்கள், மராட்டியில் விரட்டுவார்கள், வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது, போன தடவை பாதியில் திரும்பி வந்துவிட்டேன் என்று அழுதாள். அவளுக்குப் பயம் தவளையைப் பார்த்து மட்டும் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. எனக்கும் ரேஷன் கார்டு ஆபீஸ் வாசலில் இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேர் கட்டுகிறவன் நம் பாஷையில் பேசுகிறான். அதனால்தான் அவனிடம் போகிறோம்.

மைமூன் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "நான் கூட வாரேன் செல்லக்கனி. ஹிந்தி பேச எம்மவளையும் கூட்டிக்கிடுதேன். காலையில வெள்ளன கிளம்புவோம்," என்றாள். கேட்கிற குரல் இல்லை அது.

6

மறுநாள் மூவரும் பிள்ளையோடு போனார்கள். கேஸ் பேப்பர் என்று இங்கே சொல்கிற நோயாளிச் சீட்டு எழுதுகிற வரிசையில் மைமூன் நின்றாள். கேட்டதற்கெல்லாம் ஜீனத் பதில் சொன்னாள். தமிழ் வரவில்லை என்று நான் குறைப்பட்ட அதே பிள்ளை, அந்த வரிசையில் செல்லக்கனிக்கு வாயாக இருந்தாள். இப்போதெல்லாம் அவளுடைய ஹிந்தியைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள், கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார் டாக்டர். நெஞ்சில் சளி கட்டுகிற டி.பி.யின் குழந்தை வடிவம். மருந்து மாதக்கணக்கில், ஒருநாள்கூட விடாமல். வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டதில் முத்துவின் அப்பாவுக்கும் இருப்பது தெரிந்தது. அவருக்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

கேஸ் பேப்பரைத் தங்கராசு அண்ணாச்சி கடையில் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தேரைன்னு எங்கயும் இல்லியே என்றார். இல்லை அண்ணாச்சி என்றேன். சரி, பொட்டி இருக்கட்டும் என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் முத்து எங்கள் பட்டறைக்குள் நடந்து வந்தான். பின்னால் செல்லக்கனி. அன்றைக்குத்தான் ஆண் தவளை குஞ்சைச் சுமந்துகொண்டிருந்தது. முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் தேடி மெதுவாக அலையும். ஜீனத் விளக்கினாள். செல்லக்கனி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது தேரை இல்ல அண்ணாச்சி," என்றாள். "தேரை பிள்ளையச் சுமக்குமா?"

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. சந்தில் கதை வேறு மாதிரி திரும்பியது. முத்து தேறியதற்கு மருந்து காரணம் இல்லையாம். போட்ட தேரையைத் தவளை பாய் வீட்டுத் தவளையே திரும்ப எடுத்துக்கொண்டதாம். அடுத்த சந்திலிருந்து ஒரு பெண் மெலிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, தவளைக்குக் காட்ட வேண்டும் என்று நின்றாள். அதற்கு மறுநாள் செம்பூரிலிருந்து ஒரு குடும்பம், வாழைப்பழத்தோடு.

நேற்று நசுக்க வந்தவர்கள் இன்று கும்பிட வந்தார்கள். எனக்கு முன்னதைவிடப் பின்னதுதான் பயம். நன்மையும் தீமையும் ஒரே ஒருவன் கையில் என்று தினம் ஐந்து வேளை சொல்கிறவன் நான். அவனுடைய படைப்பில் விரலளவு ஜீவனுக்கு அந்த இடத்தைக் கொடுக்க எப்படிச் சம்மதிப்பேன்? விரட்டிவிடவும் மனசு வரவில்லை. விரட்டினால் நேராக வேர் கட்டுகிறவனிடம் போவார்கள்.

கடைசியில் ஒரு பலகை எழுதிப் பட்டறை வாசலில் மாட்டினோம். மேலே ஜீனத் ஹிந்தியில் எழுதினாள். "பெஹலே டாக்டர், பாத் மே மேண்டக்." முதலில் டாக்டர், பிறகு தவளை. கீழே நான் தமிழில் எழுதினேன். "பிள்ளைக்குக் கேஸ் பேப்பர் வாங்கி வந்து காட்டிவிட்டுத் தவளை பார்க்கவும்." திட்டினார்கள், சிரித்தார்கள், தவளைக்கு டிக்கெட் போடுகிறான் என்றார்கள். ஆனாலும் போய் வாங்கி வந்தார்கள். வரிசை தெரியாதவர்களுக்கு மைமூனும் செல்லக்கனியும் மாறி மாறித் துணை போனார்கள். பேப்பரோடு வந்த பிள்ளைகளை ஜீனத் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து ஈ போடக் காட்டுவாள். இது மருந்து இல்லை, பார்க்க அழகு, அவ்வளவுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வோம். நம்புகிறவர்கள் நம்பினார்கள்.

7

இனி காதர் மச்சான்.

போன மாதம் வந்தார். பத்து நாள் இருந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊர்ல மழைக்கு மிதிச்சிட்டுப் போற சாமானுக்கு இங்க கண்ணாடி பங்களா கட்டியிருக்காரு மச்சான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். செல்லக்கனி கதையையும் கேட்டார். பாதிதான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது.

தாதரில் ரயில் ஏறியபின் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். மகள் வயிற்றுப் பேரன் தேம்பிப்போய்க் கிடக்கிறானாம், மூன்று மாதமாக. வேர் கட்டியிருக்கிறார்களாம். "அந்தப் பொட்டி மண்ணு ஒரு பிடி தாங்க மச்சான். சுத்திப் போடுதேன்," என்றார். சிரிக்கிற மனிதர் அழுதார். பத்து நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கேலி பேசியிருக்கிறார். கேட்க வெட்கம், அவ்வளவுதான்.

மாட்டேன் என்றேன். தென்காசிக்குக் கொண்டு போங்கள், இல்லை பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பிடி மண்ணுக்கா இவ்வளவு பேச்சு என்று கையை உதறினார். ரயில் போய்விட்டது.

ஒரு பிடி மண் எனக்குப் பெரிசு இல்லை. அதைக் கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார், நம் ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்த மண்ணைத் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாத்துவை அந்த வீட்டில்தான் விட்டேன். இன்னொரு பிள்ளையை விட மாட்டேன். என்னைக் கல் என்றாலும் சரி, காஃபிர் என்றாலும் சரி.

பட்டறைக்குத் திரும்பி மைமூனிடம் சொன்னேன். அவளுக்கு அவர் கூடப்பிறந்தவர். தவளைப் பெட்டிக்கு அடியிலிருந்து டிரங்க் பெட்டியை இழுத்தாள். கடிதம் எழுதினால் அண்ணன் கிழித்துப் போட்டுவிடும், நானே போகிறேன் என்றாள். எதிர் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கனி உள்ளே வந்தாள்.

"நானும் வாரேன் மைமூனக்கா. அந்தப் பிள்ளையோட ஆத்தாளுக்கு நீங்க சொன்னா ஏறாது. வேரும் கட்டி, தவளையவும் வைஞ்சவ நான். நான் சொல்லுதேன்."

டிக்கெட் கிடைக்க இத்தனை நாளாகிவிட்டது. நாளைக் காலை இருவரும் தாதரில் ரயில் ஏறுகிறார்கள். இந்தக் குறிப்பையும் அவர்கள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். மதராஸில் தபாலில் போடுவார்கள். முத்து எங்களோடு இருப்பான். பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளை அவன் இப்போது. தவளைக்கு ஈ போடுவது அவன் பொறுப்பு, ஜீனத் எழுதிக் கொடுத்துவிட்டாள். காலையில் தவளை குரல் எடுத்தால் இவனும் பதிலுக்கு விசில் அடிக்கிறான். எது தவளை, எது முத்து என்று குழாயடியில் யாருக்கும் தெரிவதில்லை.

காதர் மச்சான், இது அச்சாகி வருவதற்கு முன்பே உங்கள் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றிருப்பார்கள். ஒருத்தி உங்கள் தங்கை, ஒருத்தி உங்களுக்கு யாருமில்லை. இருவருக்கும் ஆஸ்பத்திரி வரிசை நன்றாகத் தெரியும். பிள்ளையைக் கொடுங்கள். அவர்கள் கையில் மண் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இருக்காது.